அங்கீகரிக்கப்பட்ட மூன்று தெரிவுகள்

பக்கத்தில் வந்து இருங்கள் பிள்ளைகளே. கோபம் ஆறிய பிறகு சொல்லலாம் என்று இந்தக் கதையை இத்தனை நாளும் வைத்திருந்தேன். ஆறுகிற பாடாக இல்லை. ஆகவே சூட்டோடேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

போர் முடிந்து மூன்றாம் வருடம். பாப்பாமோட்டைக்கு இருபத்தேழு குடும்பங்கள் திரும்பி வந்திருந்தன. அநேகம் பேர் இந்தியாவில் முகாமில் இருபது வருடம் இருந்தவர்கள். வந்து பார்த்தால் வயல் இருந்த இடத்தில் உடைமரக் காடு. எல்லாருமாகச் சேர்ந்து காட்டை வெட்டித் துப்புரவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. வரம்புகள் கரைந்து மண்ணோடு மண்ணாகிக் கிடந்தன. எது யாருடைய துண்டு என்று நிலத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

காணிக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி விசாரணை. ஒவ்வொரு குடும்பத்தின் துண்டையும் எல்லை காட்டி வரைந்த படம் இருந்தால் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். இல்லாவிட்டால் மொத்தமும் வெறுங்காணி என்று எழுதப்படும். வெறுங்காணி ஆனால் அது கற்றாழை நடுகிற கம்பனிக்குப் போகும். கம்பனிக்காரர் அதற்குள் இரண்டு தரம் வந்து, காரிலிருந்து இறங்காமலே நிலத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. மன்னார் பட்டினத்தில் ஒரு நிறுவனம் இருந்தது. 'மீள்குடியேறியோர் எண்மிய வாழ்வாதார மேம்பாட்டு நிறுவனம்' என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால் சனங்கள் அதை 'மேம்பாடு' என்று கூப்பிட்டார்கள். மேம்பாடு கொடுத்த கம்பியூட்டரில் வரைந்து, மேம்பாட்டின் முத்திரை விழுந்த படம்தான் விசாரணையில் செல்லும்.

அந்தக் கம்பியூட்டர் மாசி மாதம் மாலையோடு வந்தது. லியோரா என்று பெயர், வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய பெட்டி. பதினான்கு கிராமங்களுக்குப் பதினான்கு பெட்டி. பாப்பாமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் அதை மேசையில் ஏற்றி, மேம்பாட்டின் பணிப்பாளர் கனகரத்தினம் உரையாற்றினார்.

"அன்பான பயனாளிகளே! உலகத்தில் நூறு பேர் கம்பியூட்டர் பாவித்தால் தொண்ணூற்றாறு பேர் சாதாரணக் கம்பியூட்டரைத்தான் பாவிக்கிறார்கள். நான்கே நான்கு பேர் லியோரா பாவிக்கிறார்கள். நீங்கள் யார்? சிறுபான்மை மக்கள். சிறுபான்மை மக்களுக்குச் சிறுபான்மைக் கம்பியூட்டர்! இந்த யோசனை எனக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. வெளிநாட்டுக்காரரிடம் சொன்னேன். அழுதுவிட்டார்கள்."

சனங்கள் கைதட்டினார்கள். இருபது வருட முகாமில் கைதட்ட வேண்டிய இடம் எதுவென்று நன்றாகப் பழகியிருந்தது.

பெட்டிக்குப் பொறுப்பு பத்திநாதன். வயலே தொழிலான ஐம்பத்திரண்டு வயதுக் கமக்காரர். கமக்காரர் சங்கத்தின் செயலாளர். தெரிவுக் கூட்டத்துக்குப் பிந்தி வந்ததனால் செயலாளர் ஆனவர். கம்பியூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது மட்டும்தான். வேலை செய்தது அவருடைய தங்கையின் மகள் ஜெனிஸ்ரா. முகாமில் இருந்த காலத்தில் பக்கத்துப் பட்டினத்துக்குப் போய்ப் படம் வரையப் படித்தவள்.

எல்லை காட்டியவர் சந்தியாப்பிள்ளை அம்மான். எண்பத்துநாலு வயது. ஊரில் பழைய வரம்பு தெரிந்த ஒரே ஆள். வைகாசி வெயிலில் பொல்லை ஊன்றி ஊன்றி நடந்தார்.

"இதிலயிருந்து அந்தப் பாலைக் குத்தி மட்டும் பத்திநாதன்ரை பெரியப்பன்ரை துண்டு."

"குத்தி ஒண்டும் காணேல்லையே அம்மான்."

"கிண்டிப் பாரன்."

கிண்டினால் ஒரு முழ ஆழத்தில் பாலைமரத்தின் அடிக்கட்டை, அந்தக் குத்தி, கிடந்தது. இப்படி இருபத்தேழு துண்டுக்கும் அவர் சொல்லச் சொல்ல ஜெனிஸ்ரா அளந்து பெட்டிக்குள் வரைந்தாள். படம் முடிந்து பத்தாம் நாள் அம்மான் செத்துப்போனார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இனி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஆடிக் காற்றில் பெட்டிக்குக் கண் போனது.

உப்புக் காற்றும் புழுதியும் விசிறிக்குள் புகுந்து, படம் காட்டுகிற கார்ட் வெந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்ட் என்பார்கள். பெட்டியை முடுக்கினால் உறுமும், மணி அடிக்கும், பச்சை விளக்கு எரியும். திரை மட்டும் கறுப்பு.

"உயிர் இருக்கு மாமா, படம் உள்ளுக்குத்தான் கிடக்கு. கார்ட் ஒண்டு மாத்தினாச் சரி" என்றாள் ஜெனிஸ்ரா.

"வேறை பெட்டியில போட்டுப் பாக்கேலாதோ?"

"லியோராவில கீறின படம் லியோராவிலதான் திறக்கும்."

மற்றக் கிராமங்களில் விசாரித்தார்கள். பதின்மூன்று பெட்டிகளும் அதே காற்றில் அதே மாதிரிக் குருடாகிப் போயிருந்தன.

பத்திநாதன் வெளுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மேம்பாட்டின் வாசலில் மூன்று கழுதைகள் நின்றன. காவலாளி அவற்றை விட்டுவிட்டு இவரை மறித்துப் பெயரைப் பதிந்தான். உள்ளே தொழில்நுட்ப நியம உத்தியோகத்தர் நவரத்தினம் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அலுமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியலை எடுத்தார். தலைப்பு: 'அங்கீகரிக்கப்பட்ட தெரிவுகள்'.

"சாதாரணக் கம்பியூட்டருக்கு நூறு விதமான கார்ட் இருக்கு. லியோராவுக்கு மூண்டுதான். ஆனா மூண்டும் முத்து. முதலாவது, லியோரா இருபத்தொண்டு. அருமையான கார்ட்."

"அதையே தாங்கோ ஐயா."

"அது செய்யிறதை நிப்பாட்டிப்போட்டாங்கள். ஆறு வருசமாச்சு."

"அப்ப ரெண்டாவது?"

"லியோரா நாப்பது. அதைவிட அருமை. அது இன்னும் செய்யத் தொடங்கேல்லை."

"மூண்டாவது ஐயா?"

"லியோரா முப்பத்திரண்டு. அது இருக்கு. கொழும்பிலயே இருக்கு."

பத்திநாதன் மூச்சு விட்டார்.

"உங்கடை பெட்டிக்குப் பொருந்தாது. அதைச் செருகிற வாய் வேறை" என்றார் நவரத்தினம்.

"அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறியளோ ஐயா?"

நவரத்தினத்தின் மனம் உண்மையாகவே நொந்தது. "என்ன கதை இது? மூண்டு இருக்கெண்டு இப்பத்தானே விரல் வைச்சுக் காட்டினனான். தெரிவு செய்ய உங்களுக்குப் பூரண உரிமை இருக்கு."

உரிமையைப் பிரயோகிப்பதற்கு ஒரு படிவம் தந்தார். மேம்பாட்டில் மீள்குடியேற்றப் படிவம் ஒன்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தை வெட்டிக் 'கார்ட்' என்று எழுதியிருந்தது. பத்திநாதன் வாங்குப் பலகையில் இருந்து பொறுமையாக நிரப்பினார். கார்டின் தகப்பன் பெயர்: தெரியாது. இடம்பெயர்வதற்கு முன்னிருந்த நிரந்தர முகவரி: பெட்டிக்குள்ளே. இந்தியாவில் தங்கியிருந்த முகாம்: இல்லை. சமயம் என்ற இடத்தில் பேனையை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். ஊர்ப் பெட்டிக்கு வருகிற கார்ட் என்றபடியால் றோமன் கத்தோலிக்கம் என்று எழுதினார்.

"வடிவா நிரப்பியிருக்கிறியள். மூண்டு கிழமையில பதில் வரும்" என்றார் நவரத்தினம்.

பதில் வரவில்லை. அழைப்பு வந்தது. 'தெரிவுகளை அறிதல்' என்ற இரண்டு நாள் செயலமர்வு. குளிரூட்டிய மண்டபம். பதினான்கு கிராமங்களிலிருந்தும் பொறுப்பாளர்கள் வந்து நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். நவரத்தினம் மூன்று கார்டுகளின் படத்தையும் சுவரில் பெரிதாகக் காட்டி, ஒவ்வொன்றின் அருமையையும் அரை நாள் வீதம் விளக்கினார். சுவரில் படத்தை எறிந்த கம்பியூட்டரைப் பத்திநாதன் உற்றுப் பார்த்தார்.

"ஐயா, இது லியோரா இல்லையே."

"இல்லை, இது சாதாரணக் கம்பியூட்டர். இண்டைக்கு முக்கியமான நிகழ்ச்சியெல்லே, அதுதான்."

முசலிக் கரையிலிருந்து வந்திருந்த கதீஜா என்ற பெண் எழுந்தாள். "ஐயா, ஒண்டு செத்துப் போச்சு, ஒண்டு இன்னும் பிறக்கேல்லை, ஒண்டு வாசலுக்குள்ள போகாது. நாலாவதா ஒண்டை நாங்களே தேடினா என்ன?"

பணிப்பாளர் கனகரத்தினம் தானே எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சகோதரி, நல்ல கேள்வி. ஆனால் அறியாமையில் பிறந்த கேள்வி. தெரிவு கூடினால் மனக்குழப்பம் கூடும். சாதாரணக் கம்பியூட்டர் வைத்திருக்கிறவனைப் பாருங்கள். நூறு கார்டில் எதை வாங்குவது என்று தெரியாமல் நித்திரையில்லாமல் தவிக்கிறான். நீங்கள்? நிம்மதியாக நித்திரை கொள்கிறீர்கள். எதுவும் வாங்க முடியாது என்ற அந்த நிம்மதியை உங்களுக்குத் தந்தது யார்? நாங்கள்!"

பிள்ளைகளே, அந்த மனிதர் பகிடிக்குச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். எனக்கு ஆறாத இடம் அதுதான். பொய் சொல்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். தான் சொல்வதைத் தானே நம்பிவிட்டவனோடு என்னத்தைப் பேசுவது?

செயலமர்வு முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கிடைக்காத மூன்று கார்டுகளைப் பற்றித் திருப்தியான அறிவு பெற்றிருக்கிறார் என்று அதில் இருந்தது. பஸ் நிலையத்தில் கதீஜா அந்தச் சான்றிதழால் விசுக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணன், உங்களுக்கு எப்ப விசாரணை?"

"இருபத்தெட்டு. இன்னும் எட்டு நாள் தங்கச்சி."

"உப்புக்குளத்தில எங்கடை ஸப்ராஸ் கடை வைச்சிருக்கான். பெருநாள் முடிஞ்சது, நாளைக்குத் திறந்திருப்பான். இந்த ஐயாமாரிட்டச் சொல்லாமப் போய்க் கேளுங்கோ."

மறுநாள் காலையிலேயே பத்திநாதன் உப்புக்குளத்தில் நின்றார். ஸப்ராஸ் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் முஸ்லிம்கள் எல்லாரும் மன்னார்த் தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்தவன். புத்தளத்தில் வளர்ந்து, தொழில் பழகி, தகப்பனின் இடிந்த கடையைத் திருத்தி, அதில் கம்பியூட்டர் பழுது பார்த்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கார்டுக்கு என்ன பஞ்சம் அண்ணன்? ரெண்டு கார்டும் ஒரே இடத்திலதான் செய்யிறாங்கள். லியோரா கார்ட், சாதாரணக் கார்ட், உள்ளுக்கு எல்லாம் ஒண்டு."

"அப்ப ஏன் சாதாரணக் கார்டைச் செருகினாப் படம் வாறேல்லை? எங்கடை பிள்ளை ஒண்டைச் செருகிப் பாத்தவள்."

"பெட்டியை முடுக்கின உடனே, பெட்டி கார்டைப் பாத்துக் கேக்கும், நீ ஆர், எங்கையிருந்து வாறாய் எண்டு. லியோரா கார்டுக்குள்ள அதுக்கு ஒரு பதில் எழுதிக் கிடக்கு. சாதாரணக் கார்டில அது இல்லை. பதில் சொல்லாட்டி ஒரு பக்கத்தில நிப்பாட்டி வைச்சிடும்."

"வேலை செய்யிற கார்டையோ?"

"வேலை செய்யிற கார்டைத்தான். தகுதியெல்லாம் இருக்கு அண்ணன். கடுதாசி இல்லை."

நீ யார் என்ற அந்தக் கேள்வியை இருவரிடமும் பல தரம், பல சீருடைகளில், பல மொழிகளில் கேட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பதிலை உம்மால எழுத ஏலுமோ தம்பி?"

"ஒரு பின்னேரம் தாங்கோ."

கம்பியூட்டர் விளையாட்டுப் பிரியர் யாரோ கழித்துவிட்ட ஒரு கார்டை எடுத்துத் துடைத்து, அதற்குள் அந்தப் பதிலை எழுதினான். மறுநாள் மோட்டார் சைக்கிளில் பாப்பாமோட்டைக்கு வந்தான், ஒரு பையில் கார்ட், மறு பையில் பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பம். செருகினான். ஜெனிஸ்ரா முடுக்கினாள். பெட்டி உறுமியது, மணி அடித்தது. திரை வெளுத்தது. பிறகு வயல் வந்தது.

இருபத்தேழு துண்டும் ஒவ்வொரு நிறத்தில். மண்டபம் நிறையச் சனம். பத்திநாதனின் மனைவி சிசிலியா மட்டும் கிட்டப் போய் விரலால் தொட்டாள்.

"இது எங்கடை கிணத்தடி. இந்தா, அம்மான் பொல்லை ஊண்டி இளைச்சு நிண்ட இடம்."

ஸப்ராஸ் திரையில் தெரிந்ததைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, தன் கடைக்குக் கொண்டுபோய் நாலு பெரிய தாளில் அடித்து ஒட்டித் தந்தான். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணன், முத்திரையைக் குத்திக்கொண்டு நேரா வீட்டை போங்கோ. கார்டைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டினம். நீங்களும் சொல்லாதேங்கோ."

"நான் ஏன் தம்பி சொல்லப்போறன்?" என்றார் பத்திநாதன்.

நவரத்தினம் படத்தை விரித்துப் பார்த்தார். மிகவும் பிடித்திருந்தது. "லியோரா எண்டா லியோராதான். நிறங்களைப் பாருங்கோ" என்றார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். கையை உயர்த்தினார்.

இப்போது நடந்ததை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் பிள்ளைகளே, அந்த மனிதரை மடையர் என்று சொல்லிவிடக் கூடாது. முகாமில் இருபது வருடம் ஒரு சட்டம். ஒரு சைக்கிள் வாங்கினால் போய் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். ஒரு விருந்தாளி ஒரு பொழுது தங்கினால் சொல்ல வேண்டும். கூரை ஓலையை மாற்றினால்கூடச் சொல்ல வேண்டும். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் ஒன்றும் வராது, பிந்தினால்தான் ஆபத்து. மேசைக்குப் பின்னால் ஒரு உத்தியோகத்தர் கையை உயர்த்தினால், முகாமில் இருந்தவனின் வாய் தானாகத் திறக்கும். அது பழக்கம்.

"ஐயா, ஒண்டு சொல்லவேணும். கார்ட் மாத்தினனாங்கள்" என்றார் பத்திநாதன்.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"என்ன கார்ட்?"

"சாதாரணக் கார்ட் ஐயா. உப்புக்குளத்தில ஒரு தம்பி பதில் எழுதித் தந்தவர். நல்லா வேலை செய்யுது."

நவரத்தினம் முத்திரையை அதன் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினார். சிவப்புப் பேனையை எடுத்தார். படத்தின் குறுக்கே, ஏழு குடும்பங்களின் காணிக்கு மேலால், 'செல்லாது' என்று பெரிதாக எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. பணிப்பாளர் கனகரத்தினம், நவரத்தினம், ஒரு படப்பிடிப்பாளர். திரையில் வயல் பளிச்சென்று தெரிந்தது. குழு அதன் முன்னால் நின்றது.

"படம் தெரியுதோ?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"தெரியுது சேர். ஆனா தெரியிறதுக்கு அனுமதியில்லை" என்றார் நவரத்தினம்.

"அப்ப என்னெண்டு எழுதுவம்?"

"'தெரிவது போன்ற தோற்றம்' எண்டு எழுதலாம் சேர்."

அப்படியே எழுதினார்கள். ஆய்வு முடியும்வரை ஒருவரும் பார்க்கக்கூடாது என்று திரைக்கு ஒரு துவாயைப் போட்டு மூடினார்கள். பத்திநாதன் கை கூப்பினார்.

"ஐயா, நாலு நாளில விசாரணை. காணி போயிடும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் முத்திரையைக் குத்துங்கோ. பிறகு கார்டைக் கழட்டிக் கொண்டு போங்கோ."

கனகரத்தினத்தின் முகம் சிவந்தது. "பத்திநாதன், நீர் உம்முடைய காணியை மட்டும்தான் யோசிக்கிறீர். எங்களை யோசித்தீரா? இந்த மூன்று கார்டையும் பட்டியலிட எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்தது. எட்டு உத்தியோகத்தர்கள், இரண்டு வாகனங்கள், சிங்கப்பூரில் ஒரு மாநாடு. அதை உப்புக்குளத்தில் ஒருத்தன் ஒரு பின்னேரத்தில் செய்துவிட்டான் என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்து என்ன கேட்பார்கள்? எதற்கு நீங்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா? இல்லை! பதில் இல்லாத ஒரு நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டீர். உமக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம்?"

ஸப்ராசின் கார்டைக் கழற்றிப் பொலித்தீனில் சுற்றிப் பாதுகாப்புக் காவலில் எடுத்தார்கள். வெந்துபோன பழைய கார்டைத் திரும்பச் செருகினார்கள். அதுதான் அங்கீகரிக்கப்பட்டது. திரை கறுப்பானது. நவரத்தினத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"ஆனால் மேம்பாடு ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாது" என்றார் பணிப்பாளர், கோபம் ஆறி. "விசாரணைக்கு முத்திரையிட்ட படம் வேண்டும், அவ்வளவுதானே? அங்கீகரிக்கப்பட்ட பெட்டியில், அங்கீகரிக்கப்பட்ட கார்டில், என்ன தெரிகிறதோ அதை உள்ளபடி தருவோம்."

படப்பிடிப்பாளர் திரையைப் படமெடுத்தார். விசாரணைக்கு முதல் நாள் அது பெரிய தாளில் அடித்து வந்தது. முழுக் கறுப்பு. மூலையில் வட்ட முத்திரை, மூன்று கையொப்பம். மேம்பாட்டின் வரலாற்றில் திகதி பிந்தாமல் வழங்கப்பட்ட முதல் ஆவணம் அது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்த காணி உத்தியோகத்தர் சுகந்தினி, முப்பத்தைந்து வயதுப் பெண். கறுப்புத் தாளை நிமிர்த்திப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள். பத்திநாதன் 'செல்லாது' படத்தையும் விரித்துக் காட்டினார். அவள் அதை நீண்ட நேரம் பார்த்தாள்.

"இதிலதான் எல்லாம் இருக்கு ஐயா. ஆனா முத்திரை அதிலதான் இருக்கு. கடுதாசியில இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். கடுதாசியில எல்லை ஒண்டும் இல்லை."

'எல்லைகள் காணப்படவில்லை' என்று எழுதினாள். ஐப்பசி முப்பதாம் திகதி இடத்தைப் பார்வையிட்டு, வெறுங்காணி என்று உறுதிசெய்து, கம்பனிக்கு அனுப்ப வேண்டும். கோப்பை மூடினாள். எழும்பிப் போனவள் வாசலில் நின்று செருப்பைப் போட்டபடி, ஒருவரையும் பார்க்காமல் சொன்னாள்.

"விதைச்சுக் கிடக்கிற காணியை வெறுங்காணி எண்டு எழுத எனக்குச் சட்டம் இல்லை."

அன்று பின்னேரம் பத்திநாதன் வீட்டுக்குப் போய் அந்த வெளுத்த சேர்ட்டைக் கழற்றினார். செயலமர்வுச் சான்றிதழை அடுப்புக்குள் வைத்தார். சிசிலியா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாளிலிருந்து இருபத்தேழு குடும்பமும் வயலில் நின்றன. ஜெனிஸ்ரா 'செல்லாது' படத்தைக் கையில் விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் காட்டிய இடத்தில் முளை அடித்தார்கள், முளைக்கு முளை கயிறு கட்டினார்கள், கயிற்றோடு மண்ணை வெட்டி ஏற்றினார்கள். சந்தியாப்பிள்ளை அம்மானின் பாலைக் குத்தியில் தொடங்கி, ஒவ்வொரு வரம்பும் எழும்பி வந்தது. வரம்பு முடிந்த துண்டில் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் புழுதி விதைப்பு. உப்புக்குளத்திலிருந்து ஸப்ராஸ் இரண்டு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, பழக்கமில்லாத கையால் மண் வெட்டிக் கொப்புளம் வாங்கிப்போனான். "கார்ட் போனாப் போகட்டும்" என்றான். "கீறினது நிலத்துக்கு வந்திட்டுதே."

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்தது. நெல் முளைத்தது.

முப்பதாம் திகதி சுகந்தினி வந்து வரம்பில் நின்று துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, பழைய வண்டிப் பாதை வழியாக மேம்பாட்டின் வாகனம் வயலுக்குள் இறங்கியது. அந்தப் பாதை அம்மானின் துண்டை ஊடறுத்துப் போகும். கட்டாமல் திறந்து விட்டிருந்த கடைசி வரம்பு வாய் அதுதான். வாகனம் உள்ளே போகும்வரை பத்திநாதன் பொறுத்து நின்றார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அந்த வாயையும் மண் வெட்டிப் போட்டு மூடினார்.

நவரத்தினம் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி வந்தார். கையில் ஒரு பெட்டி, வண்ண நாடா கட்டியது. பின்னால் படப்பிடிப்பாளர்.

"பத்திநாதன், நல்ல செய்தி! உங்கடை விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுது. மூண்டாவது தெரிவு, லியோரா முப்பத்திரண்டு, கொழும்பிலயிருந்து வந்திட்டுது. வாங்கிற மாதிரி ஒருக்கா நில்லுங்கோ, படம் எடுப்பம்."

"அது எங்கடை பெட்டிக்குப் பொருந்தாதெண்டு நீங்கள்தானே ஐயா சொன்னியள்?"

"பொருந்தாது. ஆனா படத்தில தெரியாது."

அப்போதுதான் அவர் சுற்றிப் பார்த்தார். "இதென்ன வரம்பு? ஆரைக் கேட்டு வெட்டினியள்? எந்தப் படத்தைப் பாத்து வெட்டினியள்?"

எல்லாரும் பத்திநாதனைப் பார்த்தார்கள். ஒரு உத்தியோகத்தர், ஒரு கேள்வி, அந்த வாய். சிசிலியாவின் விதைநெல் கடகத்துக்கு அடியில் மடித்த படத்தின் ஒரு மூலை, சிவப்பு எழுத்தோடு, வெளியே தெரிந்தது. அவள் அசையவில்லை.

"தெரியாது ஐயா" என்றார் பத்திநாதன்.

இருபது வருடத்தில் அவர் ஒரு உத்தியோகத்தருக்குச் சொல்லாமல் விட்ட முதல் விஷயம் அது.

"இது அங்கீகரிக்கப்படாத எல்லை! மிஸ், இதை எழுதாதேங்கோ!" என்று நவரத்தினம் சுகந்தினியை நோக்கிக் கத்தினார்.

"விதைச்சுக் கிடக்கு ஐயா" என்றாள் அவள், தலை நிமிராமல். "இருபத்தேழு துண்டு" என்று சொல்லிச் சொல்லி எழுதினாள்.

நவரத்தினம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குத் திரும்பினார். சாரதி வெளியே நின்று தலையைச் சொறிந்தான். முன்னால் வரம்பு, பின்னால் வரம்பு, இரண்டு பக்கமும் முளைத்த நெல்லுக்கு நடுவே சேறு.

"பத்திநாதன்! வெளியில போறதுக்கு எது வழி?"

பத்திநாதன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். வேர்வையைத் துடைத்தார்.

"வழி மூண்டு இருக்கு ஐயா. முதலாவது, நீங்கள் வந்த பாதை. அருமையான பாதை. அதைப் பாவிக்கிறதை நிப்பாட்டிப்போட்டம். ரெண்டாவது, அந்தக் குளக்கட்டுக்கு அங்கால ஒரு றோட்டு. அதைவிட அருமை. அது இன்னும் போடத் தொடங்கேல்லை. மூண்டாவது, இந்த வரம்பு. அது இருக்கு. உங்கடை வாகனத்துக்குப் பொருந்தாது."

மண்வெட்டியைத் தோளில் ஏற்றினார்.

"தெரிவு செய்ய உங்களுக்குப் பூரண உரிமை இருக்கு."

அந்த வாகனம் எப்படி வெளியே போனது என்று என்னைக் கேட்காதீர்கள் பிள்ளைகளே. படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பார்கள்.